தம்பியைக் கொடுத்துக் காப்பாற்றிய வாக்கு

நீலகண்டனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. சென்னையில் பாங்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்த முதல் பக்கத்தை உன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கையோடு குளித்துவிட்டுப் பழவங்காடிக்கு ஓடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தை அவளுக்குச் சொல்லவில்லை. நீ எனக்கு இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். நான் தமிழில் பதில் எழுதுகிறேன். முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் உட்கார்ந்து, பிறர் சொன்னதையெல்லாம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் நகல் எடுத்த கை இது. தமிழில் இவ்வளவு நீளமாக எழுதி எத்தனையோ காலமாயிற்று, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் சொல்லப்போவதை இங்கிலீஷில் எழுதினால் வேறு யாரோ செய்த காரியம் போல எனக்கே தோன்றிவிடும். அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பாறசாலைப் பள்ளிக்கூடத்து மானேஜர் நம் வீடு தேடி வந்தது உனக்கு மறந்திருக்காது. அந்த வயசில், அந்த வெயிலில், தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தார். தம்முடைய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பிக்கப் போவதாகவும், அதற்கு ஒரு பி.ஏ. வேண்டும் என்றும் சொன்னார். “வருவீரா தம்பி? நெசமாட்டு வருவீருண்ணா நான் வேற ஆளைப் பாக்க மாட்டேன்” என்று கேட்டார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கண்டிப்பா வாறேன் ஐயா” என்றாய். அவர் கண்ணை மூடி உனக்காக ஜெபம் செய்தார். உன் அம்மா அடுக்களையில் இருந்து வந்து, அது என்ன என்று புரியாமலே, தானும் கைகூப்பிக்கொண்டு நின்றாள். பிறகு வந்த இரண்டு பேரை அவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். உனக்குத் தங்குவதற்கு ஓர் அறையும் கட்டி ஓலை வேய்ந்திருக்கிறாராம். வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

இதற்கு நடுவில் உனக்குச் சென்னையில் இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது. கிடைக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உன் இரண்டாம் பக்கம்தான் என்னைப் பிடித்து உலுக்குகிறது. மானேஜருக்கு மனவருத்தம் வராமல் ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் செய்துகொள்ளலாம் என்கிறாய். உன் சித்தப்பா மகன் மாதேவன் இண்டர்மீடியட் முதல் வகுப்பில் தேறியிருக்கிறான், உனக்குப் பதிலாக அவன் பாறசாலைக்குப் போகட்டும், பி.ஏ.வைப் பிறகு தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்கிறாய். ‘நம் வீட்டிலிருந்து ஒருவன் போனால் வாக்குத் தவறியதாக ஆகாது’ என்றும் எழுதியிருக்கிறாய். பி.ஏ. இல்லாதவனை வைத்துக்கொண்டு அந்த மனிதர் இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில் சொல்வார் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த வாக்கியம் இருக்கிறதே நீலகண்டா, அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கே கேட்டேன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. மெட்ரிகுலேஷன் முடித்து, திவானுடைய ஹஜூர் கச்சேரிக்கு மனு மேல் மனு போட்டு, பதில் வராமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக்காரர் ஒருவர் எங்களுக்கு வேண்டியவர். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்வோம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு அரிசி அனுப்புகிறவர் என்பதால் அங்கிருந்த துரையிடம் அவருக்குச் செல்வாக்கு உண்டு. தோட்டத்து ஆபீசுக்கு, தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒரு ரைட்டர் வேண்டும் என்று துரை கேட்டதும் என் பெயரைச் சொல்லிவிட்டார். நம் ஆட்களுக்குள் அந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் அமர்த்துவதும் கல்யாண நிச்சயம் மாதிரிதான் நடக்கும். கடிதமோ கையெழுத்தோ கிடையாது. பையனைப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் நிறுத்தி, அவன் கையாலேயே தேங்காய் உடைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். வெற்றிலையை மட்டும் பையன் கையில் கொடுக்கமாட்டார்கள், அப்பன் கையில்தான் கொடுப்பார்கள். வாக்கு வீட்டுக்கு உரியது, ஒருவனுக்கு மட்டும் உரியதல்ல என்று அதற்கு அர்த்தம். நான் தேங்காய் உடைத்தேன். உன் தாத்தா வெற்றிலை வாங்கிக்கொண்டார். “தொரைக்கிட்ட சொல்லியாச்சு கேட்டியா, இனி மாத்திப் பேசப்பிடாது” என்றார் முதலாளி.

எட்டாம் நாள் ஹஜூரிலிருந்து உத்தரவு வந்தது. நகல் எழுதும் குமாஸ்தா வேலை, ஆனாலும் சர்க்கார் வேலை, நிரந்தரமானது, பென்ஷன் உண்டு. மலைக்குப் போனால் காய்ச்சல் பிடிக்கும், அட்டை கடிக்கும், பேச ஆள் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மலை வேண்டாம், கச்சேரிதான் வேண்டும். அது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. நேரே முதலாளியிடம் போய், “எனக்கு இதைவிட நல்லது கிடைத்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். அவர் நாலு வார்த்தை திட்டியிருப்பார். கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் திட்டியிருப்பார். சாலைப் பக்கம் ஆறு மாதம் தலைகாட்ட முடியாமல் இருந்திருக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் நான் பயந்தேன். எத்தனை அற்பமான பயம் என்று இப்போது எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உன் சித்தப்பா சிவதாணுவுக்கு அப்போது பதினெட்டு வயது. என்னைவிடப் புத்திசாலி. மெட்ரிகுலேஷனில் கணக்கில் அவனுக்குமேல் யாரும் இல்லை, எப்.ஏ.வுக்குக் காலேஜில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிவதாணுவை உன் தாத்தாதான் மலைக்கு அனுப்பினார் என்று உனக்கும் உன் அம்மாவுக்கும் ஊருக்கும் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். அது பொய். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நான்தான் சொன்னேன்: “வெத்தில அப்பா கையிலதானே வாங்கினது? வீட்டுலேருந்து ஒருத்தன் போனாப் போராதா? தாணு போகட்டு.” சாயங்காலம் தாணு நனைந்த புத்தகங்களோடு காலேஜிலிருந்து வந்தான். அப்பா அவனிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் என் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “எப்பம் போணும்?” என்று மட்டும் கேட்டான். மறுநாள் அப்பா அவனை முதலாளியிடம் அழைத்துக்கொண்டு போனார். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். “மூத்தவனா எளையவனாண்ணா தொரை கேக்கப் போறாரு? ஒங்க வீட்டுப் பய தானே!” என்று முதலாளி சொன்னாராம். கேட்டதும் என் வயிற்றுவலி நின்றுவிட்டது.

மலையடிவாரத்து விதுரைவரை மாட்டுவண்டி, அதற்குமேல் நடை. அப்பாதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அடுத்த ஆறாட்டுத் திருவிழாவுக்குத் தாணு ஊருக்கு வந்தான். நான் புதுக் கோட்டும் தலைப்பாகையுமாகச் சர்க்கார் சிப்பந்திகளோடு கோட்டை வாசலில் நின்றேன். அவன் கூட்டத்தில், பொரிகிற வெயிலில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றான். முகம் மஞ்சளாக இருந்தது. திரும்பிப் போகும்போது என்னிடம் ஓர் அல்ஜிப்ரா புத்தகம் வாங்கித் தரச் சொன்னான். வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் ஒன்று கேட்டான். மூன்றாம் வருஷம் கேட்கவில்லை. நானும் ஏன் என்று விசாரிக்கவில்லை. ஒரு சிரமம் குறைந்தது என்றுதான் நினைத்தேன்.

காய்ச்சல் வருஷா வருஷம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொயினா மருந்து கொடுத்தார்கள். கொயினா தின்று தின்று முதலில் காதில் இரைச்சல், பிறகு ஒரு காது, பிறகு இரண்டு காதும் போயிற்று. துரைமார் சொல்வது கேட்காத ரைட்டரை வைத்துக்கொண்டு தோட்டத்தில் என்ன செய்வார்கள்? இருபத்திரண்டு வருஷம் கழித்து அனுப்பிவிட்டார்கள். உனக்கு அவரைச் செவிட்டுச் சித்தப்பாவாகத்தான் தெரியும். ஒரு தீபாவளிக்கு, நீ அப்போது ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, “செவிட்டுப் பொணமே, ஒனக்குக் காப்பி வேணுமா?” என்று கத்திக் காட்டினாய். அவர் திரும்பாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீடே சிரித்தது. நான் உன்னை அடித்திருக்க வேண்டும். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக நான் பட்ட வேதனையை உனக்கு இதுவரை காட்டியதில்லை; இப்போது நீயும் படு.

அந்த விலைக்கு நான் வாங்கிய நல்ல உத்தியோகம் எப்படியிருந்தது என்றும் தெரிந்துகொள். முப்பது வருஷத்தில் இரண்டு படி ஏறினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் என்னை நகல் பிரிவிலிருந்து விடவே இல்லை. எனக்குப் பிறகு வந்தவர்கள், யாருக்கோ மருமகனாகவும் யாருக்கோ மச்சினனாகவும் இருந்தவர்கள், என் தலைக்குமேலே ஏறிப் போனார்கள். அவர்களுடைய உத்தரவுகளையும் நான்தான் அழகாக நகல் எடுத்தேன். மலையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பேனா? தெரியாது. செத்தே போயிருப்பேனோ என்னவோ. நல்ல வேலை எது என்று உள்ளே போய் உட்காரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. அதனால் சென்னையா பாறசாலையா என்று என்னைக் கேட்காதே. அதில் எனக்கு உன்னைவிடக் கூடுதலாக ஒன்றும் தெரியாது.

இப்போது இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உன்னை இவ்வளவு திட்டுகிற நான், உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு புதன்கிழமை கரமனையில் தாணு வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று நினைக்கிறாய்? மாதேவனைக் கேட்கத்தான் போனேன். பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம் என்றதும் எனக்குப் பழைய புத்தியெல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. தாணுவிடம் எதையும் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், எழுதித்தான் காட்ட வேண்டும். அதனால் உன் கடிதத்தையே கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நல்ல சங்கதியில்லா அண்ணாச்சி! நம்ம நீலகண்டன் மிடுக்கனாக்கும்!” என்றான். இரண்டாம் பக்கத்தை மெதுவாகப் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தான். அப்புறம், “செரி, மாதேவன் போகட்டு. படிப்பு பின்னே ஆகட்டு. நமக்கு ஒரு வாக்குண்ணு உண்டுல்லா” என்றான். முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்பம் போணும் என்று கேட்டானே, அதே குரலில் சொன்னான்.

உன் சித்தி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசாதவள். “அத்தான், ஒங்க வீட்டு வாக்கக் காப்பாத்த எங்க வீட்டுலேருந்து இன்னும் எத்தன பேரு போவணும்? இவங்க ஒருத்தரு போனது போராதா?” என்றாள். மாதேவன் முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தாணுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “அவ என்னவாக்கும் சொல்லுகா?” என்று கேட்டான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதேவனிடம் பென்சில் வாங்கி, உன் கடிதத்தின் பின்புறத்தில், ‘உன்னை மலைக்கு அனுப்பச் சொன்னது அப்பா அல்ல, நான்’ என்று எழுதி நீட்டினேன். எழுத்துக் கோணிப்போயிற்று. அவன் படித்தான். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான். “இது எனக்கு அப்பமே தெரியும் அண்ணாச்சி. விதுரையிலே வண்டிய விட்டு எறங்கும்போ அப்பா சொன்னாரு. ‘அண்ணன்மேல வெறுப்பு வச்சிராதலே மக்கா’ண்ணு சொல்லி அழுதாரு” என்றான். இத்தனை வருஷமாக அவன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, அப்பாதான் அனுப்பினார், அப்பாவின் பிடிவாதம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! காது போவதற்கு முன்னால் அத்தனையையும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். “பின்னே ஏண்டா என்கிட்ட ஒருநாளும் கேக்கல்லே?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினேன். அவன் என் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டான். “கேட்டா நீங்க என்ன சொல்லுவிய? சாரமில்லே, விடுங்க. காப்பி ஆறுகு, குடிங்க” என்றான். அவன் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகையால் நான் சொல்வதைக் கேள். சென்னை வேலைக்கு நீ போகலாம். ஒருவரிடம் வருகிறேன் என்று சொன்ன பிறகு அதைவிட மேலானது வந்தால், மனிதனுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆசைப்பட்டதற்காக உன்னை நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் வருகிறேன் என்று சொன்ன வாய்தான் வரவில்லை என்றும் சொல்ல வேண்டும். வாக்கை மீறியவன் என்று அவர் உன்னைச் சொல்லட்டும். உண்மைதானே, கேட்டுக்கொண்டு நில். அறை கட்டினேனே, இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேனே என்பார், அதற்கும் நில். அவர் வைது முடிக்க அரைமணி நேரம் ஆகுமா? அந்த அரைமணி நேரத்தை நான் பட மாட்டேன் என்றுதான் என் தம்பியின் ஆயுசைக் கொடுத்தேன். ஒருவேளை அவர் வையாமல், உனக்காக மறுபடியும் கண்ணை மூடி ஜெபம் செய்தாலும் செய்வார். அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம். அதையும் தாங்கு. அப்படி நின்ற பிறகு, பாறசாலையிலேயே இருந்துவிடலாம் என்று உனக்கே தோன்றினால் இரு. தோன்றாவிட்டால் அன்றைக்கே ரயிலேறு. உன் அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவாள். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

மானேஜருக்கு இன்னும் ஒரு தகவலும் போகவில்லை. நான் எழுதவும் மாட்டேன், ஆள் விட்டுச் சொல்லவும் மாட்டேன். அவர் நீ திங்கட்கிழமை வருவாய் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செங்கோட்டை வண்டியைப் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை தம்பானூரில் இறங்கிவிடலாம். தந்தி கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதே. தந்திக்கு முகம் கிடையாது.

இன்று காலை மாதேவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காலேஜில் பி.ஏ.வுக்குச் சேர்த்துவிட்டேன். கணக்குத்தான் எடுத்திருக்கிறான். தாணுவும் கூட வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. காலேஜ் வாசல்வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். உள்ளே வா என்று கையைக் காட்டினேன். “நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. எனக்கு அதுக்குள்ளே என்ன சோலி?” என்றான். ஆபீசில் காரியம் முடிய ஒரு மணி நேரமாயிற்று. நாங்கள் திரும்பி வந்தபோதும் அவன் அதே இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பையன் சேர்ந்துவிட்டான் என்று ரசீதைக் காட்டினேன். வாங்கி, அதில் எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டு, பையனிடம் கொடுக்காமல் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆகவே அனுப்புவதற்கு நம் வீட்டில் இனி ஆள் கிடையாது. நீயே வா. பாறசாலைக்குத் தனியாகப் போ. துணைக்கு வா என்று என்னைக் கூப்பிடாதே. அன்றைக்கு எனக்காக முதலாளியிடம் என் அப்பா போனார். அதனால் வந்ததைத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

உன் அப்பா